மிளகாய்ச் செடியில் சுருண்ட இலை: பதினோரு வாரமும் ஒரு லென்ஸும்

இன்று காலை மூன்றாம் நம்பர் செடியின் நுனியில் ஒரு இலை தட்டையாக விரிந்திருந்தது. அளந்தே பார்த்துவிட்டேன்: நீளம் 3.5 செ.மீ., அகலம் 1.8 செ.மீ., ஓரம் எங்கேயும் மடியவில்லை. ஒரு இலையைப் போய் ஸ்கேல் வைத்து அளப்பானா ஒருத்தன் என்று தோன்றலாம். ஏழு வாரமாக அந்தச் செடி விட்ட ஒவ்வொரு இலையும் சுருண்டுதான் வந்தது, அதனால் அளந்தேன். எல்லாம் மறந்துபோவதற்குள் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைத்துவிடுகிறேன், தப்பு செய்த இடங்களையும் சேர்த்து.

முதலில் என்ன வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வெயில் வராத ஒரு சின்ன அறை, அதில் 120க்கு 60 செ.மீ. அளவில் ஒரு இரும்பு அலமாரி, மேல் தட்டிலிருந்து சங்கிலியில் தொங்கும் 100 வாட் எல்.இ.டி. பலகை ஒன்று. டைமர் வைத்து ஒரு நாளுக்கு 16 மணி நேரம் எரியும். 5 லிட்டர் பைகளில் ஆறு மிளகாய்ச் செடி. கலவை பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவு, மீதி மட்கிய உரமும் கொஞ்சம் பெர்லைட்டும். பைகளில் 1 முதல் 6 வரை மார்க்கரில் எண் எழுதியிருந்தேன். ஆரம்பத்தில் அது சும்மா அழகுக்கு. பிறகு அந்த எண் இல்லாமல் ஒன்றும் ஓடவில்லை.

முதல் சுருளல் வந்தபோது செடிகளுக்கு ஏறக்குறைய 20 செ.மீ. உயரம். நடுவில் இருந்த நான்கு செடிகளில், உச்சியில் இருந்த இலைகளின் ஓரம் இரண்டு பக்கமும் மேலே எழும்பி, தொன்னை மாதிரி குழிந்திருந்தது. ஓரத்தில் இருந்த 1, 6 இரண்டும் நன்றாகவே இருந்தன. நடுவில் இருப்பது மட்டும் கெடுகிறது என்றால் விளக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றியது, அது சரியாகவும் இருந்தது. விளக்குக்கும் நுனிக்கும் இடைவெளி 18 செ.மீ.தான். செடி வளர்ந்துகொண்டே போக, நான் சங்கிலியைத் தொடவே இல்லை. கையில் பிடித்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தேன். அறைக் காற்று 27 டிகிரி, நடுச் செடியின் உச்சி இலை 31.5. ஓரச் செடியில் 28. பலகையை 42 செ.மீ. உயரத்துக்குத் தூக்கினேன். மறுநாள் அதே இலை 27.8 காட்டியது. குழிந்த பழைய இலைகள் அப்படியேதான் இருந்தன, ஆனால் ஆறாவது நாள் வந்த புது இலைகள் எல்லாம் தட்டையாக வந்தன.

இவ்வளவு சுலபமாகத் தீர்ந்ததுதான் பின்னால் எனக்கு வினையாக முடிந்தது. இலை சுருண்டால் விளக்கு, தண்ணீர், காற்று, இந்த மூன்றில் ஒன்று என்று மண்டையில் பதிந்துவிட்டது.

இரண்டாவது வாரக் கடைசியில் தங்கச்சி ஒரு பிகோனியா தொட்டியோடு வந்தாள். "அண்ணா, என் ரூம்ல வெளிச்சமே இல்ல, ரொம்ப வாடுது. உன் லைட்டுக்குக் கீழ ஒரு ஓரமா வச்சுக்கோயேன்." வைத்தேன். மூன்றாம் செடிக்கும் நான்காம் செடிக்கும் முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது, அங்கே. இலையோடு இலை உரசும் அளவுக்கு நெருக்கம். அதன் இலைகள் கொஞ்சம் சுருங்கி, அடிப்பக்கம் செம்பு நிறத்தில் மினுமினுத்தன. அந்த ரகத்தின் நிறமே அப்படிப் போல என்று விட்டுவிட்டேன்.

நான்காவது வாரம் மூன்றாம் செடியின் கொழுந்து மாறியது. இந்த முறை ஓரங்கள் கீழே மடிந்தன, படகைக் கவிழ்த்து வைத்தது போல. இலை அகலமே இல்லாமல் நீண்டு, நடு நரம்பு நேராக ஓடாமல் கோணலாக, தொட்டால் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. காம்பு மட்டும் எலிவால் மாதிரி நீளம். கீழே இருந்த பெரிய இலைகளில் ஒரு குறையும் இல்லை. இந்த இரண்டு வரியையும் அன்றைக்கே நோட்டில் எழுதியிருக்கிறேன், "கீழ்நோக்கி, புது இலை மட்டும்" என்று. எழுதிவிட்டு அதைப் பற்றி யோசிக்காமல் விட்டதுதான் கொடுமை.

முதலில் தண்ணீர் அதிகமோ என்று பார்த்தேன். சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து பைகளை எடை போட ஆரம்பித்தேன். நன்றாக நனைந்து வடிந்த பிறகு ஒரு பை 3.3 கிலோ. 2.2 கிலோவுக்கு இறங்கினால் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். அதுவரை இரண்டு நாளுக்கு ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவன்தான், பல சமயம் 2.9 கிலோவிலேயே மறுபடி ஊற்றியிருக்கிறேன் என்று தெரிந்தது. இந்தப் பழக்கம் நல்ல பழக்கம், இன்றைக்கும் விடவில்லை. ஆனால் கொழுந்து மாறவில்லை. யோசித்தால், தண்ணீர் மிஞ்சினால் செடி முழுக்கத் தொய்யும், கீழ் இலைகளும் சேர்ந்து தொங்கும், மஞ்சளாகும். என் செடியில் கீழ் இலைகள் விறைப்பாக நின்றன.

அப்புறம் காற்றில் ஈரம் குறைவு என்று நினைத்தேன். ஈரப்பதமானி 34 சதவீதம் காட்டியது, உடனே அறைக்கு ஒரு ஈரமூட்டும் கருவி. 58 சதவீதம் வரை ஏற்றினேன். மூன்றாம் செடியில் மாற்றமில்லை, இப்போது நான்கிலும் ஆரம்பித்திருந்தது.

அடுத்தது உப்பு. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்துத்திறன், நான் ஊற்றும் உரத்தண்ணீரில் 1.6, பையின் அடியிலிருந்து வடிந்த தண்ணீரில் 3.8. அகப்பட்டது திருடன் என்று குதித்தேன். ஒரு பைக்கு 15 லிட்டர் வீதம், ஆறு பைக்கும் சேர்த்து 90 லிட்டர் நல்ல தண்ணீரைக் குளியலறையில் வைத்து ஊற்றி வடித்தேன். முதுகு வலி மூன்று நாள். வடிதண்ணீர் 1.9க்கு இறங்கியது. அமிலத்தன்மை பார்க்கும் பேனாவையும் அன்றே சோதித்தேன், 6.86 காட்ட வேண்டிய சோதனைக் கரைசலில் 7.6 காட்டிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் அதை நம்பித்தான் அமிலம் சேர்த்து வந்திருக்கிறேன். அதையும் சரிசெய்தேன். இதற்கெல்லாம் பிறகு வந்த ஒரே ஒரு இலை முன்னதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சுருண்டது போல் எனக்குத் தெரிந்தது. "தெரிந்தது" என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அன்று எடுத்த படத்தை இப்போது பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த நம்பிக்கையில் ஒரு வாரம் போனது. அந்த வாரத்தில் கால்சியமும் தெளித்தேன்.

இதற்கு நடுவே ஒரு சோதனையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மட்கிய உரம் புது மூட்டையிலிருந்து எடுத்தது. களைக்கொல்லி அடித்த புல்லையோ வைக்கோலையோ தின்ற மாட்டின் சாணத்திலிருந்து வந்த உரமாக இருந்தால், சில வகைக் களைக்கொல்லி மட்கிய பிறகும் தங்கிவிடும், கொழுந்துகளைக் கோணலாக்கிவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், பீன்ஸ் விதை போதும், ஏனென்றால் பீன்ஸுக்கு அந்த மருந்துகள் ஆகவே ஆகாது. அந்த உரம் கலந்த மூன்று கப், உரமே இல்லாத மூன்று கப், ஒவ்வொன்றிலும் மூன்று விதை. அலமாரியில் இடமில்லாததால் வேறு அறையின் ஜன்னலில் வைத்தேன். 18 நாளில் எல்லாக் கப்பிலும் மூவிலைகள் பட்டுப் போல விரிந்தன. உரத்தின் மேல் பழி இல்லை. எனக்குச் செலவே இல்லாமல் தெளிவான பதில் கிடைத்தது இந்த ஒன்றில்தான். அந்த ஜன்னல் அறைக்குப் போனது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அப்போது தெரியாது. விளக்குக்குக் கீழே வைத்திருந்தால் பீன்ஸும் சுருண்டிருக்கும், நான் ஒரு மூட்டை நல்ல உரத்தைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

ஆறாவது வாரம் பூச்சியாக இருக்குமோ என்ற எண்ணம் வந்தது. 10 மடங்கு லென்ஸ் ஒன்று இருந்தது. கீழே இருந்த பெரிய இலை ஒன்றைக் கிள்ளி, திருப்பிப் பார்த்தேன். அசுவினி இல்லை, வெள்ளை ஈ இல்லை, நூலாம்படை இல்லை, சிவப்புச் சிலந்திப்பேன் குத்தினால் வரும் வெளிர்ப் புள்ளிகளும் இல்லை. சுத்தம் என்று எழுதி வைத்தேன். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்பு கலந்து எல்லாச் செடிக்கும் தெளித்தேன். விளக்கை அணைக்காமல். மறுநாள் 2, 5 இரண்டிலும் மேல் இலைகளில் பழுப்புத் திட்டு. எண்ணெய் படிந்த இலையை விளக்குக்குக் கீழே நிறுத்தியது என் தப்பு. ஆனால் அந்தத் தெளிப்பால் வந்த பெரிய நஷ்டம் அது இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்கு நாள் கழித்து 60 மடங்கு லென்ஸ் வந்து சேர்ந்தது. சின்ன விளக்கு வைத்தது, கட்டைவிரல் அளவு. இந்தக் கதையில் நான் வாங்கிய பொருட்களில் விலை குறைந்தது அதுதான், ஈரமூட்டும் கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் சில்லறைக் காசு. இந்தத் தடவை பெரிய இலையை விட்டுவிட்டு, மூன்றாம் செடியின் இன்னும் முழுசாக விரியாத கொழுந்தை இடுக்கியால் கிள்ளி, மேஜைமேல் கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்துப் போட்டேன். கை நடுக்கத்தில் ஒன்றும் நிற்கவில்லை. லென்ஸை இரண்டு புத்தகத்துக்கு நடுவில் செருகி நிறுத்தி, இலையைக் கீழே நகர்த்தினேன்.

முதலில் கண்ணில் பட்டது முட்டை. நடு நரம்பை ஒட்டிய பள்ளத்தில், கண்ணாடி மணியைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல, மேலே வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக. அப்படி ஒரு முட்டையைப் பார்த்தால் வேறு எதோடும் குழப்ப முடியாது. இரண்டு நிமிடம் அசையாமல் பார்த்தபோது, தேன் நிறத்தில் ஒரு துளி நகர்ந்தது. பின்னால் இன்னொன்று, ரொம்ப வேகமாக, தன் பின்புறத்தில் எதையோ குறுக்காகத் தூக்கிக்கொண்டு. சிலந்திப்பேனில் ஒரு வகை, சுருக்கமாகச் சிலந்தி என்றே சொல்கிறேன். ஆண் அது, இன்னும் வளர்ந்து முடியாத பெண்ணை அப்படியே சுமந்துகொண்டு புதுக் கொழுந்துக்குப் போகுமாம், படித்திருக்கிறேன், நேரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. முழுதாக வளர்ந்ததே 0.2 மி.மீ.தான். 10 மடங்கில், அதுவும் பழைய இலையில் தேடினால் எங்கே கிடைக்கும்? இது கொழுந்தைத்தான் தின்னும். மிளகாய் போடுகிற விவசாயிகள் முரணை என்று சொல்வது இதைத்தான். வயலில் என்றால் கவிழ்ந்த படகு, எலிவால் காம்பு என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். நான் அந்த இரண்டையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு 90 லிட்டர் தண்ணீர் சுமந்தேன்.

பிகோனியாவின் செம்பு நிற அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மூன்றாம் செடியில் இருந்ததைப் போல் நாலு மடங்கு. தங்கச்சியைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தேன். "ஐயோ, நடக்குது அண்ணா!" என்றாள். பிறகு அவளே பையில் போட்டுக் கட்டினாள், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதற்கு மருந்து என்று பார்த்தால் நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகத் தூள், நன்றாகக் கேட்கும். ஆனால் எண்ணெய் தெளித்த செடிக்கு இரண்டு வாரத்துக்குக் கந்தகம் அடிக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். எனக்கு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வெதுவெதுப்பான அறையில் இதன் தலைமுறை ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும், பத்து நாள் சும்மா இருந்தால் ஆறு செடியும் போய்விடும். அதனால் வெந்நீர் முக்கல். 43 முதல் 49 டிகிரி வரையான தண்ணீரில் 15 நிமிடம் இருந்தால் சிலந்தி சாகும், செடி தாங்கும்.

20 லிட்டர் வாளி, குத்திப் பார்க்கும் வெப்பமானி. பையின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை, செடியைத் தலைகீழாகப் பிடித்து இலைப் பகுதியை முழுக்க முக்கினேன். முதலில் ஆறாம் செடி. வெப்பமானி 46 காட்டியது, 15 நிமிடம், கை மரத்துப் போனது. நான்கு நாள் கழித்து நுனியைப் பார்த்தால் உயிரோடு திரிகின்றன! வாளியைக் கலக்கவே இல்லை. வெப்பமானி மேல் மட்டத்தில் இருந்தது, சூடான தண்ணீர் மேலேதான் நிற்கும். தலைகீழாக முக்கியதால் கொழுந்து எல்லாம் வாளியின் அடியில். அடியில் அளந்தேன், 40. எங்கே கொல்ல வேண்டுமோ அங்கே வெதுவெதுப்பாகக் குளிக்க வைத்திருக்கிறேன்.

இரண்டாம் சுற்றில் மரக்கரண்டியால் விடாமல் கலக்கினேன், வெப்பமானியை அடியில் கட்டினேன், 45க்குக் கீழே இறங்கும்போது அரை லிட்டர் கொதிநீர். அது ஏறக்குறைய ஒரு டிகிரி ஏற்றும். ஒரு பக்கமாக, இலை இல்லாத இடத்தில் ஊற்ற வேண்டும். இரண்டாம் செடிக்கு அவசரத்தில் நேராக ஊற்றிவிட்டேன், ஒரு கிளை முழுக்க வெந்துபோனது. மற்ற ஐந்தும் கிளை ஒடியாமல், இலை கருகாமல் வந்தன. செடியைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்க முடியாது என்பதால் பிறகு இரண்டு நாற்காலிக்கு நடுவில் ஒரு கம்பு போட்டு அதில் பையைக் கட்டித் தொங்கவிட்டேன். ஆறு செடிக்கும் கலக்கி, சுடவைத்து, துடைத்து முடிக்க நான்கு மணி நேரம்.

அலமாரியைத் துடைத்தேன், சங்கிலியையும். வெந்நீருக்குப் பிறகும் ஐந்தாம் செடியின் கொழுந்தில் ஒன்றிரண்டு நகர்ந்தன, அதனால் கந்தகத்தை விடவில்லை. எண்ணெய் அடித்த நாளிலிருந்து சரியாக 15ஆம் நாள் முதல் தெளிப்பு. டப்பாவில் போட்டிருந்த அளவு, லிட்டருக்கு 3 கிராம், இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட. இந்த முறை விளக்கை அணைத்து, அறை 26 டிகிரிக்கு வந்த பிறகு. 5 நாள் இடைவெளியில் மூன்று தடவை. அறையில் ஒரு வாரம் கந்தக வாசனை, ஜன்னலைத் திறந்தே வைத்தோம்.

இதற்குப் பிறகு வந்ததுதான் பொறுமையைச் சோதித்த கட்டம். மூன்று தெளிப்பும் முடிந்தது, லென்ஸில் உயிரோடு ஒன்றும் இல்லை, ஆனால் புதிதாக வந்த இலையும் கோணலாகவே வந்தது. மருந்து வேலை செய்யவில்லையோ என்று அளவைக் கூட்டப் பார்த்தேன். இந்தச் சிலந்தியின் எச்சில் செடிக்கு நஞ்சு மாதிரி, அது செத்த பிறகும் கொழுந்துக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் இலைகள் கெட்டுத்தான் வெளியே வரும் என்பதை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டேன். இலையின் வடிவத்தைப் பார்த்து மருந்தை முடிவு செய்யாமல், மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு செடியிலும் ஒரு கொழுந்தைக் கிள்ளி, அடிப்பக்கத்தில் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து, கறுப்புக் காகிதத்தில் ஒட்டி எண்ணினேன். முட்டை, சிலந்தி, தனித்தனியாக. கோணல் இலைக்கு மேலே கோணல் இலை என்று மூன்று அடுக்கு வந்தது. நான்காவது அடுக்குதான் இன்று காலை அளந்த இலை.

கணக்குப் பார்த்தால்: 2 ஒரு கிளையை இழந்தது, இப்போது பக்கத்தில் துளிர்க்கிறது. 6க்கு இரண்டு தடவை முக்கியதில் வேர்ப்பக்கம் நனைந்து தண்டு அழுகியது, எடுத்துவிட்டேன். மீதி நான்கில் 1, 3, 4 தட்டையான இலை விடுகின்றன. ஈரமூட்டும் கருவி சும்மா கிடக்கிறது, கால்சியம் புட்டி முக்கால்வாசி மீதி. மொட்டுகள் எல்லாம் உதிர்ந்து காய்ப்பு இரண்டு மாதம் தள்ளிப்போனது, அது தனி.

நோட்டில் இப்போது மூன்று பத்தி போட்டிருக்கிறேன்: மேலேயா கீழேயா, புது இலையா பழைய இலையா, எந்த எண் செடியில் ஆரம்பம். இதை நிரப்பாமல் எந்தப் புட்டியையும் திறப்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், செடி நன்றாக இருந்தாலும், கொழுந்துக்கு லென்ஸ். எதையாவது மாற்றினால் ஒரே ஒன்றை மாற்றி, ஒரு செடியை மட்டும் தொடாமல் விடுவது, அப்போதுதான் எது வேலை செய்தது என்று தெரியும். அந்த வாரத்தில் நான் தண்ணீர், உப்பு, அமிலம், கால்சியம் நான்கையும் ஒன்றாக மாற்றினேன், இன்றுவரை அதில் எதற்கு என்ன பலன் என்று என்னால் சொல்ல முடியாது. பைகளுக்கு நடுவே 10 செ.மீ. இடைவெளி விட்டிருக்கிறேன், ஆறாம் செடி போனதால் இடமும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் எந்தச் செடிக்கும் மூன்று வாரம் வேறு அறை.

தங்கச்சி நேற்று போன் செய்து ஒரு ஆப்பிரிக்க வயலட் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். "லென்ஸை எடுத்துட்டு வரியா, இல்ல நான் செடிய எடுத்துட்டு வரவா?" என்று கேட்டாள். லென்ஸோடு நானே வருகிறேன் என்று சொன்னேன். ஐந்தாம் செடி இன்னும் தனி அறையில்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி எடுத்த ஒட்டுநாடாவில் புள்ளி வைத்த முட்டை ஒன்று. வெறும் ஓடா, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பது புரியவில்லை. அந்த நாடாவை அப்படியே வைத்திருக்கிறேன், நாளைக்குப் பார்க்க வேண்டும்.